முழுசாகப் படித்தவர்

பிரிசில்லா நாவலை எழுதி முடித்துவிட்டாள். இனி அதைப் பதிப்பகங்களுக்குக் கொண்டுபோக ஒரு முகவரைப் பிடிக்க வேண்டும். முகவர்கள் கேட்பது ஒன்றே ஒன்றுதான்: ஒரு மனிதராவது அதைக் கடைசி வரி வரை தன் கண்ணால் படித்திருக்க வேண்டும்.

தூத்துக்குடியில் அப்படி யாரும் அகப்படவில்லை. எந்தப் புத்தகத்தையும் காதில் மாட்டும் கருவி இரண்டு நிமிடத்தில் சுருக்கிச் சொல்லிவிடுவதால் யாரும் கண்ணால் படிப்பதில்லை. கணவன் சேவியர் ஆசையாகத்தான் உட்கார்ந்தான். மூன்றாம் பக்கத்தில் குறட்டை விட்டான். வேறு வழியில்லாமல், தண்ணீர் மோட்டார் சண்டைக்குப் பிறகு பேச்சுவார்த்தையே இல்லாத மாடிவீட்டு எமிலி அக்காவிடம் கொடுத்தாள். கொடுத்த பிறகுதான் உறைத்தது. நாவலில் வரும் சண்டைக்காரி ரெஜினா, அக்காவேதான்.

ஒரு வாரத்தில் அக்கா படியிறங்கி வந்தாள்.

"ரெஜினா நான்தானே?"

"ஆமாக்கா. மன்னிச்சிருங்க."

"அது கிடக்கட்டும். கடைசில அவ அழுது மன்னிப்புக் கேக்கா. நான் கேப்பனா?"

"மாட்டீங்க."

"பின்ன? மாத்து."

இருவரும் அடுப்படியிலேயே உட்கார்ந்து அந்த அத்தியாயத்தைத் திருத்தினார்கள். அக்கா எடுத்துக்கொடுத்த வசவுகளை எழுதுகையில் பிரிசில்லா சிரித்துச் சிரித்து இருமினாள்.

மறுநாள், பிரிசில்லா ஏற்கெனவே நாவலை அனுப்பியிருந்த முகவர் ஒருத்தி சென்னையிலிருந்து பேசினாள். "யாராவது முழுசாப் படிச்சிருக்காங்களா?"

பக்கத்திலேயே இருந்த அக்கா போனைப் பிடுங்கினாள். "நான் படிச்சேன், ரெண்டு தடவை. நீ படிச்சியா?"

மறுமுனையில் முகவரின் குரல் இறங்கியது.

"இன்னைக்கே ஆரம்பிக்கிறேன்க்கா."