ஜமீன் பார்த்த மாப்பிள்ளை

"ஏங்க, இன்னைக்கு ஒரு நாளாவது அந்தத் தொட்டி மேல ஒரு துணியைப் போடுங்களேன். உங்களுக்குப் புண்ணியமாப் போவும்."

"இன்னாத்துக்கு? பொண்ணு பாக்க வர்றவங்க மீனையும் பாத்துட்டுப் போகட்டுமே" என்றார் சகாதேவன், வேட்டி நுனியால் கண்ணாடியைத் துடைத்தபடி.

கஸ்தூரி பழைய போர்வையும் கையுமாக நின்றாள். இந்த மனுஷனிடம் பேசுவதும் ஒன்று, சுவரில் முட்டிக்கொள்வதும் ஒன்று.

கூடத்தில் நாலடித் தொட்டி. உள்ளே ஒரே ஒரு ஃப்ளவர்ஹார்ன் மீன். செக்கச்செவேலென்று உடம்பு, நெற்றியில் எலுமிச்சம்பழம் அளவுக்கு ஒரு புடைப்பு. பெயர் ஜமீன். கூட விட்ட மீனையெல்லாம் கடித்துக் குதறிவிட்டு இப்போது தனிக்காட்டு ராஜா. யார் கிட்டே போனாலும் செவுளை விரித்துக்கொண்டு 'டங்'கென்று கண்ணாடியில் வந்து மோதும். சகாதேவனுக்கு மட்டும்தான் அடக்கம். அவர் விரல் போகிற பக்கமெல்லாம் வாலை ஆட்டிக்கொண்டு வரும்.

அவர் ஆபரேஷன் முடிந்து வீடு திரும்பி இரண்டு மாதம் ஆகிறது. அதற்குள் மகள் தேவிப்ரியாவுக்கு வந்த மூன்று வரன்கள் இந்த மீனால் தட்டிப்போயின. காபி குடித்து முடித்ததும், "வாங்க தம்பி, நம்ம ஜமீனைப் பாருங்க" என்று மாப்பிள்ளையைத் தொட்டிக்கு அழைத்துப் போவார். ஜமீன் மோதும். ஒருத்தர் பயந்துபோய் மீதிக் காபியைச் சட்டையில் கொட்டிக்கொண்டார். வந்தவர்கள் போனதும் "ஜமீனுக்குப் பிடிக்கல" என்று கதையை முடித்துவிடுவார்.

தங்கை தானாகவே மாப்பிள்ளை தேடிக்கொண்டாள் என்று பதினாறு வருடமாக அவளோடு பேசாத மனுஷர். அப்பேர்ப்பட்டவர் மீனைக் கேட்டு மாப்பிள்ளை எடுக்கிறார்!

"இந்த இடமும் தட்டிப்போச்சுன்னா இனிமே யார் முன்னாடியும் வந்து நிக்க மாட்டேன்னு சொல்லிட்டா உங்க பொண்ணு. இருபத்தெட்டு முடியப்போவுது அவளுக்கு. அது ஞாபகம் இருக்கா?"

"இருக்கு, இருக்கு. வேலூர் ஆஸ்பத்திரியில நாம பன்னெண்டு நாள் கிடந்தோமே, தண்ணி மாத்தி, தீனி போட்டு, ஒரு குறை இல்லாம ஜமீனை வச்சிருந்தா எம்பொண்ணு. அந்தப் பொறுமை எந்தப் பையனுக்கு வரும்?"

தேவிப்ரியா பூவை எடுக்க அந்தப் பக்கம் வந்தாள். 'டங்'! "அம்மா!" என்று துள்ளி ஒதுங்கி உள்ளே ஓடினாள். சகாதேவன் மீனையும் பார்த்தார், மகள் போன திசையையும் பார்த்தார்.

வாசலில் தரகர் கோதண்டராமன் குரல் கேட்டது. "பௌர்ணமி கிரிவலக் கூட்டம் ஜாஸ்திங்க. ஆட்டோக்காரன் பாதி வழியிலயே எறக்கி வுட்டுட்டான்!"

சகாதேவன் வரவேற்கப் போன அந்த அரை நிமிடத்தில் கஸ்தூரி போர்வையைத் தொட்டி மேல் போட்டுவிட்டாள்.

அடி அண்ணாமலையில் விவசாயக் குடும்பம். பையன் பெயர் வல்லரசு, வேங்கிக்காலில் வேலை. பெண்ணையும் பார்க்காமல், போர்வையையும் பார்க்காமல், தரையைப் பார்த்தபடியே காபியைக் குடித்தான்.

"வாங்க தம்பி, நம்ம ஜமீனைப் பாருங்க."

"அது முரட்டு மீனுங்க, வேணாம்!" என்று கஸ்தூரி குறுக்கே வந்தாள்.

"எனக்கும் மீனுன்னா கொஞ்சம் பயம் சார்" என்றான் வல்லரசு.

சகாதேவன் விடுவாரா? ஒரு கையால் அவன் தோளைப் பிடித்தார், மறு கையால் போர்வையை உருவினார்.

ஜமீன் மூலையிலிருந்து திரும்பியது. செவுள் விரியவில்லை. நேராக வந்து வாலை ஆட்டியது. வல்லரசு சட்டென்று வலது கையை முதுகுக்குப் பின்னால் மறைத்தான். மீன் அந்தப் பக்கமாகப் போய்த் தேடியது. இடது கையை மறைத்தான். இந்தப் பக்கம் வந்தது. கடைசியில் தண்ணீர் மட்டத்துக்கு ஏறி, அவனைப் பார்த்து வாயைத் திறந்துகொண்டு நின்றது.

"பாத்தீங்களா! ஜமீனே ஓகே சொல்லிட்டாரு!" என்று கோதண்டராமன் கைதட்டினார்.

அந்த மீன் வல்லரசை மோதிவிடும் என்று கஸ்தூரி பயப்படவே இல்லை. மோதாமல் இருந்து காட்டிக்கொடுத்துவிடுமே என்றுதான் காலையிலிருந்து போர்வையோடு அலைந்தாள். மகள் போன மாதமே அவளிடம் எல்லாவற்றையும் சொல்லியிருந்தாள். தரகர் மூலமாக வரச் சொன்னதே கஸ்தூரிதான்.

சகாதேவன் தீனி டப்பாவை எடுத்து வல்லரசின் கையில் வைத்தார்.

"போடுங்க மாப்பிள்ளை. பன்னெண்டு நாள் போட்ட கைதானே? தீனி போட்டவங்களை ஜமீன் மோதாது. எம்பொண்ணை மோதுச்சு. ஆஸ்பத்திரியிலேருந்து வந்த அன்னைக்கே புரிஞ்சிடுச்சு, தீனி போட்டது வேற கைன்னு. கேட்டா சொல்ல மாட்டா. அதான் வர்றவங்களையெல்லாம் இதுகிட்ட காட்டி, ரெண்டு மாசமா உங்களைத் தேடிட்டு இருக்கேன்."

பிறகு மனைவி பக்கம் திரும்பினார்.

"என் தங்கச்சி நம்பர் உன்கிட்ட இருக்குமே கஸ்தூரி, போன் போட்டுக் குடு. அத்தை இல்லாம நிச்சயம் எப்படிப் பண்றது?"