கப்பலுக்கு வெளியே

“ஐயோ, கயிறு அறுந்துடுச்சு! அம்மாடி காயத்ரி, அவன் போயிட்டான்மா!”

குமாரசாமி போட்ட கூச்சலில், சமையல்கட்டில் இருந்த காயத்ரியின் கையிலிருந்து கரண்டி நழுவி விழுந்தது. பதறி ஓடி வந்தாள்.

மாமனார் நாற்காலி நுனிக்கு வந்து, துண்டால் வாயைப் பொத்திக்கொண்டு உட்கார்ந்திருந்தார். டிவியில் ஒரு விண்கப்பல். அதற்கு வெளியே கும்மிருட்டில் ஒருவன் தலைகீழாக மிதந்துகொண்டிருந்தான்.

“யாரு மாமா அவன்?”

“கேப்டனோட தம்பிம்மா. கப்பல்ல ஓட்டையை அடைக்கப் போனான். இடுப்புல கட்டியிருந்த கயிறு அறுந்து போச்சு!”

“எல்லாம் அட்டைக் கப்பலு” என்றாள் மாமியார் வடிவாம்பாள். “அன்னிக்கு ஒரு மிஷின் பொம்மை செத்துப் போச்சுன்னு இவரு ராத்திரி சோறே துன்னல.”

“பொம்மையாடி அது? எஜமானுக்காக உசுரை விட்டுது!”

காயத்ரி சிரிப்பை அடக்கிக்கொண்டாள். வாழ்க்கைப்பட்டு வந்து ஒரு மாதம்தான் ஆகிறது. “எங்கப்பா தறியில ஒரு இழை அறுந்தா வீட்டையே ரெண்டாக்கிடுவாரு” என்று கணவன் சிவபாலன் அவளைப் பயமுறுத்தி வைத்திருந்தான். இங்கே வந்து பார்த்தால் மனுஷர் ஒரு பொம்மைக்காக அழுகிறார்.

‘ஒன்பதாம் கிரகம்’ தொடரை அவருக்குப் பழக்கிவிட்டதே அவள்தான். ஞாயிற்றுக்கிழமை விடிந்ததும் போனில் புதுப் பாகம் வந்துவிடும். அதை டிவியில் போட்டுக் கொடுப்பது அவள் வேலை.

அந்த வாரம் முழுக்க வீட்டில் ஒரே பேச்சு.

“அண்ணன்காரன் எப்படியாவது உள்ளே இழுத்துப் போட்டுடுவான் இல்ல?”

“போட்டுடுவான் மாமா.”

“போடாம? இன்னா இருந்தாலும் கூடப் பொறந்தவன் இல்ல?”

எவ்வளவு இளகின மனசு என்று நினைத்துக்கொண்டாள் காயத்ரி.

அடுத்த ஞாயிறு. தம்பிக்காரன் எப்படியோ நீந்தி வந்து கப்பலின் கதவைத் தட்டினான். உள்ளே கேப்டன் பொத்தான் மேல் கையை வைத்தான். வைத்த கை அப்படியே நின்றது. என்றைக்கோ ஒருநாள், நாலு பேர் எதிரில் தம்பி தன்னை மதிக்காமல் பேசியது அவனுக்கு ஞாபகம் வந்துவிட்டது.

“அமுக்குடா! இன்னாடா யோசனை?” குமாரசாமி எழுந்தே நின்றுவிட்டார்.

அப்போது தெருவிலிருந்து ஒரு குரல் வந்தது.

“பாவு நீட்டியிருக்குது, வானம் கருத்துக்கினு வருது! சுத்தணும், வீட்டுக்கு ஒருத்தர் வாங்கப்பா!”

எதிர்வீட்டு லோகேஸ்வரன். தறியில் ஏற்றப்போகும் பட்டு இழைகளைப் பாவாகத் தெரு நீளத்துக்கு இழுத்துக் கட்டியிருந்தார். நனைந்தால் சாயம் இறங்கி, இழையெல்லாம் ஒட்டிக்கொண்டு பாழாகிவிடும். அந்தத் தெருவில் இப்படி ஒரு குரல் கேட்டால் சண்டைக்காரனும் வந்து பிடிப்பான். அதுதான் வழக்கம்.

குமாரசாமி நகரவில்லை. “அந்த ஜன்னலைச் சாத்து.”

வடிவாம்பாள் ஜன்னலைச் சாத்தவில்லை. முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டு வாசலுக்கு நடந்தாள்.

“எங்க போற? இந்த வீட்டு ஆளு யாரும் அங்க போவக் கூடாதுன்னு சொல்லியிருக்கேன் இல்ல?”

“நீங்க கப்பலைப் பாருங்க.”

அவள் இறங்கியதும் கதவைப் படாரென்று சாத்தித் தாழ்ப்பாள் போட்டுவிட்டு, ஓடி வந்து டிவி முன்னால் உட்கார்ந்துகொண்டார் குமாரசாமி.

ஏதோ தெருச் சண்டை, நமக்கெதற்கு என்றுதான் காயத்ரி முதலில் இருந்தாள். ஆனால் ஜன்னல் வழியாகப் பார்த்தபோது, இந்த வீட்டுக்கு நேராகப் பாவைத் தாங்கியிருந்த கழியை அத்தை தனி ஆளாகப் பிடித்துக்கொண்டு தள்ளாடுவது தெரிந்தது. மனசு கேட்கவில்லை. புழக்கடை வழியாகச் சுற்றிக்கொண்டு தெருவுக்கு ஓடினாள்.

“மெதுவா விட்டுக் குடும்மா, புதுப் பொண்ணு. கையை அறுத்துடப் போவுது” என்றார் லோகேஸ்வரன். அரக்கு நிறப் பட்டை அவசர அவசரமாகச் சுருட்டிக்கொண்டே வந்தார்.

முதல் தூறல் விழுந்தது. அந்த நேரம் பார்த்து வீட்டுக்குள்ளிருந்து குமாரசாமியின் குரல் தெருவே அதிரும்படி கேட்டது.

“டேய் பாவி! கதவைத் தொறடா! வெளிய நிக்கறவன் உன் தம்பிடா! அப்படி இன்னாடா பண்ணிட்டான் அவன்? கூடப் பொறந்தவனைப் போயி யாராவது வெளிய நிறுத்துவானாடா?”

“குமாரசாமிக்குக் கப்பல் முழுகிடுச்சுபா!” என்றார் பாவு பிடித்துக்கொண்டிருந்த ஒருவர். எல்லாரும் சிரித்தார்கள்.

லோகேஸ்வரன் மட்டும் சிரிக்கவில்லை. சுருட்டிக்கொண்டிருந்த கை நின்றது. தாழிட்டிருந்த அந்தக் கதவை ஒரு தரம் நிமிர்ந்து பார்த்தார். பிறகு குனிந்து மறுபடியும் சுருட்ட ஆரம்பித்தார்.

பாவின் கடைசிப் பகுதி மட்டும் நனைந்துவிட்டது. “மிச்சம் தப்பிச்சுதே, அது போதும். நீங்க உள்ள போங்கண்ணி, நனையறீங்க” என்று சொல்லிவிட்டு, சுருட்டிய பாவைத் தோளில் தூக்கிக்கொண்டு தன் வீட்டுக்குள் போனார்.

மழை பிடித்துக்கொண்டது. மாமியாரும் மருமகளும் வாசலுக்கு ஓடி வந்தார்கள்.

“நல்ல மனுஷராத்தானே இருக்காரு அத்தை? மாமாவுக்கு அவரு மேல இன்னா கோவம்?”

“அவரு பொண்ணு கல்யாணத்துக்குப் பத்திரிகை வைக்க வந்தாரும்மா. வெத்தலை பாக்கோட தட்டுல வச்சுக் குடுக்காம, அவசரத்துல வெறுங்கையால நீட்டிட்டாரு. அன்னிக்கோட பேச்சு போச்சு. உன் கல்யாணத்துக்குக்கூட அந்த வீட்டுக்குச் சொல்லல.”

“இதுக்குப் போயா? எதிர்வீட்டுக்காரங்க கையில குடுக்கறது எங்கயும் நடக்கறதுதானே அத்தை?”

தாழ்ப்பாள் போட்ட தன் வீட்டுக் கதவைத் தட்டிக்கொண்டே வடிவாம்பாள் சொன்னாள்:

“எதிர்வீட்டுக்காரன் குடுக்கலாம்மா. கூடப் பொறந்த தம்பி குடுக்கலாமா?”