இரண்டு நிமிடம் நாற்பது வினாடி

இதில் ஒரு சொல் பொய்யாக இருந்தால், சாகும்வரை என் தேநீரில் பால் விழாமல் போகட்டும். நடந்ததை நடந்தபடி சொல்கிறேன்.

மதியம் ஒரு மணிக்கு இன்னும் ஆறு நிமிடம் இருந்தது. இசையமைப்பாளர் சிரில் ஹாப்வுட் மூன்றாம் முறையாக, குழுவை நடத்தும் கோலைக் கையில் எடுத்தார்.

அன்று லண்டன் பனிமூட்டம் தெருவில் இடம் போதாமல் ஒலிப்பதிவுக் கூடத்துக்குள்ளும் வந்துவிட்டது. வயலின்காரர்களுக்கு நடுவே காலியாக இருந்த நாற்காலியில் அது உட்கார்ந்திருந்ததைப் பலர் பார்த்தார்கள். நாகரிகம் தெரிந்த பனிமூட்டம். மற்றவர்களை இருமவைத்ததே தவிர, தான் இருமவில்லை.

வாசிப்பவர்கள் நாற்பது பேரும் திரைக்கு முதுகு காட்டி உட்கார்ந்திருந்தார்கள். படத்துக்கு இசை பதியும்போது அதுதான் வழக்கம். கோல் பிடித்தவர் மட்டும் படத்தைப் பார்ப்பார். மற்றவர்கள் அவர் முகத்தைப் பார்ப்பார்கள்.

படத்தின் கடைசிக் காட்சி. வெள்ளை மேலங்கி போட்ட ஒருத்தி பாலத்தைக் கடந்து போகிறாள். அவ்வளவுதான். இரண்டு நிமிடம் நாற்பது வினாடி. அவள் அக்கரையில் கால் வைக்கும்போது இசை முடிய வேண்டும்.

முதல் முறை ஒன்பது வினாடி நீண்டுவிட்டது. இரண்டாம் முறை பதினொன்று.

குற்றம் சிரிலின் கண்ணுடையது.

மனிதர் பிஸ்கட் விளம்பரத்துக்கு வாசித்திருக்கிறார், சர்க்கஸ் யானைக்கு வாசித்திருக்கிறார். ஆனால் இருபத்திரண்டு வருடம் ரொட்டி போட்டது நடனக்கூடம். அங்கே குழுவை நடத்துகிறவர் ஆடுகிறவர்களின் காலைப் பார்த்துத்தான் தாளத்தை முடுக்குவார், தளர்த்துவார். தரையில் ஒரு ஜோடிக் கால் மிச்சமிருக்கும்வரை நிறுத்தமாட்டார். பாலத்தின் நடுவே அவள் கொஞ்சம் தயங்குவாள். சிரிலின் கையும் கூடவே தயங்கும். படம் நிற்குமா? அவள் பாட்டுக்குப் போய்விடுவாள். நாற்பது பேர் பின்னால் மூச்சு வாங்கிக்கொண்டு வருவார்கள்.

தயாரிப்பாளர் காஸ்கெல் கண்ணாடி அறைக்குள் இருந்தார். கண்ணாடிக்கு அப்பால் அவருக்குப் பனியைத் தவிர ஒன்றும் தெரியவில்லை. கையிலிருந்த கடிகாரத்தை நம்பித்தான் தீர்ப்புச் சொன்னார். அவர் குரல் ஒலிபெருக்கியில் வந்தது.

"யோவ் ஹாப்வுட், அவ உன் ஹால்ல டிக்கெட் வாங்கிட்டு ஆட வந்தவ இல்லய்யா. உனக்காக நிக்கமாட்டா. இன்னொரு தரம் இழுத்தேன்னா, வெளிய ஒருத்தர் தொப்பிய மடியில வச்சிக்கிட்டு உக்காந்திருக்காரு, அவர உள்ள கூப்பிட்டுருவேன்."

வெளியே நடையில் வேறொரு இசையமைப்பாளர் உண்மையாகவே காத்திருந்தார். சிரிலுக்கு இது முதல் படம். நடனக்கூடத்தைப் போன மாதம்தான் மூடி, பழைய சோபாக்கள் அடுக்கும் கிடங்காக்கியிருந்தார்கள். திரும்பிப் போக இடமில்லை. ஒரு மணி அடித்தால் இசைக்கலைஞர் சங்க விதிப்படி நாற்பது பேரும் எழுந்துவிடுவார்கள், வில் பாதி இழுப்பில் இருந்தாலும்.

சாக்ஸபோன்காரர் நாபி, நடனக்கூட நாளிலிருந்து கூட இருப்பவர், குனிந்து கிசுகிசுத்தார்.

"தலைவரே, கால மட்டும் பாக்காதீங்க. தொப்பியப் பாருங்க. இல்ல பாலத்தப் பாருங்க. எனக்கு மூணு புள்ளைங்க இருக்கு."

சிவப்பு விளக்கு எரிந்தது. மேலே சிற்றறையில் பெர்ஸி படக்கருவியை ஓட்டினார்.

திரை முன்னைவிட வெளுத்திருந்தது. பனி இன்னும் ஏறிவிட்டது என்று சிரில் நினைத்துக்கொண்டார்.

அந்த வெளுப்பிலிருந்து அவள் வந்தாள்.

சிரில் தொப்பியைப் பார்த்தார். பாலத்தைப் பார்த்தார். நாலாவது அடியில் காலைப் பார்த்துவிட்டார். அவர் முகத்தில் அதைக் கண்ட நாபி, மூன்று பிள்ளைகளையும் வரிசையாக நினைத்துக்கொண்டார்.

பாலத்தின் நடுவே அவள் தயங்கினாள். சிரிலின் கை தயங்கியது.

அவள் போகவில்லை.

நிமிர்ந்து அவரைப் பார்த்தாள். இன்னொரு சுற்று வேண்டுமென்றால் ஆடுகிறவர்கள் மேடையைப் பார்ப்பார்களே, அப்படி.

கொடுத்தார்.

மேலங்கி குடைபோல விரிய, ஆற்றின் மேல் ஒரு சுற்றுச் சுற்றினாள். விளக்குக் கம்பங்கள் ஒதுங்கி இடம் விட்டன. கீழே ஒரு படகு துடுப்பைத் தூக்கிக்கொண்டு நின்றது. இன்னொரு சுற்று. அவர் மெதுவாக்கினால் அவளும் மெதுவானாள். அவள் சாய்ந்த பக்கம் வயலின்கள் சாய்ந்தன. யாருக்கும் அவசரமில்லை. ஒரு முழு மாலை கழிந்ததுபோல இருந்தது. பிறகு அவள் களைத்துப்போய், ஒற்றைச் செருப்பைக் கழற்றிக் கையில் பிடித்துக்கொண்டு, அக்கரைக்கு நடந்தாள்.

தரையில் இனி கால் இல்லை. சிரில் கோலை இறக்கினார்.

இவ்வளவு நேரம் இழுத்தவனுக்கு இனி இங்கே என்ன வேலை என்று, சிரில் தன் கோட்டைத் தேடத் தொடங்கிவிட்டார்.

"ரெண்டு நாப்பது," என்றது ஒலிபெருக்கி. "இம்மி பிசகல. இத மொதல்லயே செஞ்சிருந்தா என்னய்யா கேடு?"

நடையில் இருந்த தொப்பி மடியிலிருந்து தலைக்கு ஏறி, வெளியே போயிற்று.

அதன்பின் சிரில் முப்பத்தெட்டுப் படங்களுக்கு இசையமைத்தார். போர்ப் படம், பேய்ப் படம், நாய் துப்பறியும் படம், எதையும் விடவில்லை. தொழில் ரகசியம் கேட்டவர்களிடமெல்லாம் இந்தப் பாலத்தைத்தான் சொன்னார். திரையில் இருப்பவளுக்காகக் காத்திருந்தால் அவளும் உங்களுக்காகக் காத்திருப்பாள் என்பார். அந்த நேரம் பக்கத்தில் பெர்ஸி இருந்தால், ஷூ நாடாவைக் கட்டுவதற்குக் குனிந்துவிடுவார்.

மூன்றாம் முறை படச்சுருள் முதல் அடியிலேயே அறுந்து பெர்ஸியின் காலடியில் கிடந்தது. திரையில் விழுந்தது வெறும் விளக்கு வெளிச்சம்.