தேன் பூசிய தொடை

மூத்த மாப்பிள்ளை வாங்கி வந்த கேக், பெட்டிகூடப் பிரிக்கப்படாமல் ஓரமாகக் கிடந்தது. வீடே அடுப்படி வாசனையில் கிறங்கியிருந்தது. விடுமுறை விருந்துக்காக இளைய மாப்பிள்ளை முழுப் பன்றித் தொடைக்குத் தேன் பூசி ஓவனில் வைத்திருந்தான்.

"சின்ன மாப்பிள்ளைக்கு என்ன கைப்பக்குவம்!" மாமியார் இதைச் சொல்வது மூன்றாவது முறை.

மூத்தவருக்கு வயிறு எரிந்தது. "தண்ணி குடிச்சிட்டு வரேன்" என்று அடுப்படிக்குப் போனவர், திரும்பி வந்தபோது சிரித்துக்கொண்டே வந்தார்.

கால் மணி நேரத்தில் தொடை மேசைக்கு வந்தது. மேல்தோல் கண்ணாடியாய்ப் பளபளத்தது. எல்லோரும் கைதட்ட, மூத்தவர் முகம் சுண்டிப்போனது.

"கடைசியில சூட்டை ஏத்தினாத்தான் தேன் இப்படி மொறுமொறுன்னு பிடிக்கும். நான் மறந்தே போயிட்டேன். நல்லவேளை, அண்ணன் போய் ஏத்தி வச்சார்" என்றான் இளையவன்.

"அட, பெரிய மாப்பிள்ளையா!" மாமியார் வாயெல்லாம் பல்லாக முதல் துண்டை அவர் தட்டில் வைத்தார்.

"சமையல்னா ஒரு கண்ணு அடுப்பு மேலயே இருக்கணும் அத்தை" என்று மூத்தவர் நெஞ்சை நிமிர்த்தினார்.

அவர் டம்ளரில் தண்ணீர் ஊற்றக் குனிந்த இளையவன் காதோரம் சொன்னான்:

"கருக விடணும்னா அரை மணி முன்னாடியே திருகியிருக்கணும், அண்ணா."