ஒன்பதாவது பெயர்

ஹார்லன் தொலைபேசியில் அழைத்தபோது ஒடெட் ஐஸ் லாரிகளைப் பங்கு போட்டுக்கொண்டிருந்தாள்.

லாரிகள் இருபத்திரண்டு. கேட்கும் மாவட்டங்கள் பதினான்கு.

சூறாவளி கரையைக் கடந்து இருபது மணி நேரம் ஆகியிருந்தது. லூயிசியானாவின் தென்பாதி முழுக்க மின்சாரம் இல்லை. ஒடெட்டின் பொறுப்பில் இருந்த மாநில அவசரக்கால மையத்தில் மட்டும் குளிர்சாதனம் பல் கிட்டும்படி ஓடிக்கொண்டிருந்தது. சுவரெல்லாம் திரைகள். ஜன்னல் ஒன்றுகூட இல்லை. வெளியே வெயில் அடிக்கிறது என்று யாரோ சொன்னார்கள்.

“பயப்படாதீங்க மேடம், ஜெனரேட்டர் கேக்கலை,” என்றார் ஹார்லன். “ஒரு பேர் சொல்லணும்.”

ஹார்லன், கடலோரத்தில் இருக்கும் பெல் ஆன்ஸ் மாவட்டத்தின் அவசரக்கால அதிகாரி. வடக்கேயிருந்து அங்கே வேலைக்கு வந்து இரண்டு வருடம்தான் ஆகிறது. மூன்று நாட்களில் இருவரும் ஐம்பது முறையாவது பேசியிருப்பார்கள். நேரில் பார்த்துக்கொண்டதில்லை.

பெயர் என்றால் இறந்தவரின் பெயர்.

ஒடெட் லாரிக் கணக்கை ஒதுக்கிவிட்டு இன்னொரு பட்டியலைத் திறந்தாள். எட்டுப் பெயர்கள் இருந்தன.

“அல்சீட் கியேட்ரி. அறுபத்தெட்டு வயசு. பெலிக்கன் சாலை, கடைசி வீடு. கூரைக்கு அடியில ஏறியிருக்காரு. தண்ணி அங்கயும் ஏறிடுச்சு. கியேட்ரிக்கு எழுத்துக் கூட்டிச் சொல்லவா? இந்தப் பக்கத்துப் பேரெல்லாம் எனக்கே இன்னும் எழுத வராது.”

“வேண்டாம்.”

அவள் விரல்கள் பிழையில்லாமல் அடித்தன. அதை அவள் கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டிருந்தாள்.

“நேத்து பத்து நிமிஷம் குடுங்கன்னு கேட்டேனே, அந்த வீடுதான்,” என்றார் ஹார்லன்.

அவளுக்கு நினைவிருந்தது. நேற்று மதியம் இரண்டு மணி பத்து நிமிடம். மாவட்டத்தில் மிச்சமிருந்தவை இரண்டே படகுகள். முதியோர் இல்லத்தில் நாற்பத்தொரு பேர். பெலிக்கன் சாலையில் மூன்று வீடுகள். முதியோர் இல்லம் முதலில் என்று அவள்தான் சொன்னாள். நாற்பத்தொரு பேரும் கரையேறினார்கள். அதன்பின் அந்தச் சாலைக்கும் போய்விட்டு வருகிறோம் என்று ஹார்லன் கெஞ்சினார். காற்று எவ்வளவு என்று கேட்டாள். மணிக்கு ஐம்பத்தொரு மைல் என்றார். நாற்பத்தைந்தைத் தாண்டினால் படகு போகக் கூடாது. அது அவளே எழுதிய விதி.

இன்னொரு முறை அளந்து பார்க்கச் சொன்னாள்.

ஐம்பத்துமூன்று என்றார்.

படகுகளைத் திருப்பச் சொன்னாள். அவள் குரல் ஏறவும் இல்லை, இறங்கவும் இல்லை என்று பக்கத்து மேசைக்காரர்கள் பிறகு பேசிக்கொண்டார்கள்.

“குத்திக் காட்றதுக்காகச் சொல்லலை மேடம். போயிருந்தா என் படகுக்காரப் பசங்க நாலு பேரும் திரும்பியிருக்க மாட்டாங்க. எனக்கு நல்லாவே தெரியும்.”

“சரி.”

“மத்த ரெண்டு வீட்டுக்காரங்களும் முந்தின நாளே கிளம்பிட்டாங்க. இவரையும் கூப்பிட்டிருக்காங்க. மனுஷன் நகரலை. தலைநகரத்துல எனக்கு ஆள் இருக்கு, ஒரு போன் அடிச்சா ஹெலிகாப்டரே வாசல்ல வந்து நிக்கும்னு ஜம்பமா சொன்னாராம். அவங்க சிரிச்சுட்டுப் போயிட்டாங்க.”

மேசையில் காப்பி ஆறி ஏடு படிந்திருந்தது. அதை எப்போது வாங்கி வைத்தோம் என்று யோசித்தாள். தெரியவில்லை.

“நாய்?” என்று கேட்டாள்.

“அது பொழச்சுக்கிச்சு. கூரை மேல நின்னு எங்க ஆளுங்களைப் பாத்துக் குரைச்சுதாம். இங்க யார் வீட்டுல மேடம் நாய் இல்ல?”

அவள் காப்பிக் கோப்பையைத் தள்ளி வைத்தாள்.

“ஒரே ஒரு சிக்கல். கல்யாணம் ஆகாதவர். செல்போன் தண்ணில போயிடுச்சு. சொந்தக்காரங்க யாருன்னு இங்க ஒருத்தருக்கும் தெரியலை. விசாரிக்க ஆள் போடவா?”

“வேண்டாம் ஹார்லன். உங்க ஆளுங்களுக்கு அங்க வேலை கிடக்கு. அதை நான் பாத்துக்கறேன்.”

“தேங்க்ஸ் மேடம். கொஞ்சம் தூங்குங்க. உங்க குரலே உங்க குரலா இல்ல.”

இணைப்பைத் துண்டித்த கையை எடுப்பதற்குள் மார்வா வந்து நின்றாள். ஆளுநரின் செய்தித் தொடர்பாளர். பன்னிரண்டு மணிக்கு ஆளுநர் பத்திரிகையாளர்களைச் சந்திக்கிறார். மார்வாவின் கையில் ஒரு தாள், காதில் ஒரு பேனா.

“எத்தனை?”

“ஒன்பது.”

“அட கடவுளே. காலையில எட்டுதானே இருந்துது?” மார்வா தாளில் அடித்துத் திருத்தினாள். “ஒன்பது பேர் வீட்டுக்கும் தகவல் போயிடுச்சா? ஒருத்தர் வீட்டுக்குச் சொல்லாம விட்டுட்டு, அவங்க டிவி பாத்துத் தெரிஞ்சுக்கிட்டா நம்ம தலை உருளும்.”

“போயிடுச்சு. எல்லார் வீட்டுக்கும்.”

மார்வா விரைந்து போனாள். திரையில் ஆளுநரின் காலி மேடை தெரிந்தது. யாரோ ஒலிவாங்கியைத் தட்டிப் பார்த்தார்கள்.

ஒன்பதாவது பெயருக்கு நேரே மூன்று கட்டங்கள் காலியாக இருந்தன.

தகவல் தெரிவிக்கப்பட்ட நேரம் என்ற கட்டத்தில், பதினொன்று நாற்பத்தாறு என்று அடித்தாள்.

தகவல் பெற்றவர் என்ற கட்டத்தில், ஒடெட் ஃபோன்தெனோ என்று தன் பெயரை அடித்தாள்.

இறந்தவருக்கு என்ன உறவு என்ற கட்டத்தில், தங்கை என்று.