புள்ளி ஐந்து

நாடிமுத்துவின் இறால் குட்டையில் மருந்து கலக்கும் இயந்திரத்துக்கு நிரல் எழுதியவள் தமயந்தி. அவர் எழுதித் தரும் கட்டளையை அந்த நிரல் எழுத்தெழுத்தாகப் பிரித்துப் படித்து, அதன்படி மருந்தை ஊற்றும். எண் என்றால் இலக்கத்தில்தான் தொடங்கும் என்று அவள் விதி வைத்திருந்தாள். நேற்று அவர் ‘.5 லிட்டர்’ என்று எழுதினார். முன்னால் இலக்கம் இல்லாத புள்ளியை நிரல் குப்பையென்று தள்ளிவிட்டு, ஐந்தை மட்டும் எடுத்துக்கொண்டது. ஐந்து லிட்டரும் தண்ணீரில் இறங்கிவிட்டது.

காலையில் அவள் வந்தபோது இறால்கள் கரையெங்கும் வெளுத்து ஒதுங்கியிருந்தன. நாடிமுத்து முழங்காலளவுத் தண்ணீரில் நின்று, கூடை கூடையாக அள்ளிக்கொண்டிருந்தார். பிழையைக் கண்டுபிடிக்கத் தமயந்திக்கு இரண்டு நிமிடம்கூட ஆகவில்லை. ஒரே ஒரு வரிதான். மடிக்கணினியை மூடிவிட்டு, சொல்லிவிடலாம் என்றுதான் அவரிடம் போனாள்.

“எம்மேலதாம்மா தப்பு,” என்றார் அவர், அவள் வாய் திறக்குமுன். “புள்ளிக்கு முன்னால ஜீரோ போடாம வுட்டுட்டேன். நீ மனசுல ஒண்ணும் வச்சுக்காத.”

தண்ணீர் நாறத் தொடங்கியிருந்தது.

“அடுத்த தடவை போட்டுருங்கண்ணே,” என்றாள் தமயந்தி. பேசியது தன் குரல்தானா என்று அவளுக்கே விளங்கவில்லை.

அவர் சரியென்று தலையாட்டினார்.