முதலாளி வைத்த வக்கீல்

"அவன் எனக்குத் தம்பி மாதிரிம்மா. எப்படியாச்சும் அவனை அந்த இடத்தவிட்டு வெளிய அனுப்பி வைங்க" என்று சொல்லும்போதே விக்னேஸ்வரனுக்குக் குரல் உடைந்தது. சட்டைப் பையிலிருந்து கைக்குட்டையை எடுத்துக் கண்ணில் ஒற்றினார். இஸ்திரி மடிப்புக் கலையாத கைக்குட்டை. ஒற்றிய பிறகும் கலையவில்லை.

அலோர் ஸ்டாரை ஒட்டிய மெர்கோங்கில் முறுக்குத் தொழிற்சாலை நடத்தும் விக்னேஸ்வரனைச் சுற்றுவட்டாரத்தில் தெரியாதவர் கிடையாது. கோயில் திருவிழாவில் முதல் மாலை அவருக்கு, பள்ளிக்கூட விழாவில் முதல் பொன்னாடை அவருக்கு. மைக்கைக் கொடுத்தால் "நம்ம இனம்" என்று ஆரம்பிப்பார், பிடுங்கினால்தான் நிறுத்துவார்.

அப்பேர்ப்பட்டவர், அலோர் ஸ்டாரின் பேர்போன வக்கீல்கள் அத்தனை பேரையும் விட்டுவிட்டு, மூன்று மாதத்துக்கு முன் போர்டு மாட்டிய சாந்தினியைத் தேடி வந்திருந்தார். இதுவரை ஒரு வழக்கில்கூட ஜெயித்திராத சாந்தினிக்கு நெஞ்சு நிறைந்துவிட்டது.

விஷயம் இதுதான். பரமக்குடிப் பக்கத்திலிருந்து மலாய் நாட்டுக்குப் பிழைக்க வந்த காளிதாசன் நாலு வருஷமாக அவரிடம் வேலை செய்கிறான். இரண்டு மாதத்துக்கு முன் மாவு பிசையும் மெஷின் அவன் வலது கையில் இரண்டு விரல்களை எடுத்துக்கொண்டது. போன வாரம் குடிநுழைவு அதிகாரிகள் வந்து, பெர்மிட் காலாவதியாகிவிட்டது என்று அவனைப் பிடித்துத் தடுப்பு முகாமில் போட்டுவிட்டார்கள்.

"எந்தப் பாவியோ போன் பண்ணிப் போட்டுக் கொடுத்துட்டான்" என்றார் விக்னேஸ்வரன். "பையன் பயந்துபோயிருக்கான்மா. கேஸை இழுக்காம சட்டுன்னு முடிச்சிடுங்கலா."

"அவரோட பாஸ்போர்ட் எங்க இருக்கு அண்ணே?"

"ஏஜெண்டுகிட்ட. அந்த ஆளுதான் ஓடிட்டானே!"

போவதற்கு முன் சாந்தினியோடு கைகுலுக்கிப் படம் எடுத்துக்கொண்டார். அவர் காடியை ஓட்டிக்கொண்டு வீடு போய்ச் சேருமுன்பே படம் முகநூலுக்குப் போய்ச் சேர்ந்துவிட்டது. 'கைவிடப்பட்டோருக்குக் கைகொடுக்கும் அண்ணன்' என்று மேலே எழுதியிருந்தது.

முகாமில் காளிதாசன் இடது கையால் கும்பிட்டான்.

"உள்ள எத்தனையோ பேரு இருக்கோம்க்கா. வக்கீல் வந்திருக்குன்னு கூப்பிட்டது என்னை மட்டுந்தான். மத்தவங்க கோர்ட்டுல மலாய்ல என்ன கேட்டாலும் தலைய ஆட்டிட்டு வந்துடுறாங்க. எதுக்கு ஆட்டுனோம்னு அவங்களுக்கே தெரியல. எங்க முதலாளி தெய்வம்க்கா."

"உங்களுக்கு என்ன வேணும், சொல்லுங்க."

பிடிபட்ட நாளிலிருந்து அதை யாரும் அவனிடம் கேட்டதில்லை.

"இந்தக் கையோட ஊருக்குப் போனா என் பொண்டாட்டி புள்ளைங்க மூஞ்சிய எப்படிக்கா பாப்பேன்? என்னை இப்ப அனுப்பிடாதீங்க" என்றான்.

சாந்தினி மறுநாளே தொழிற்சாலைக்குப் போனாள். முதலாளி அங்கே இல்லை. ஆபிசில் கணக்கு எழுதும் பிரேமாவதி இரண்டு பக்கமும் பார்த்துவிட்டு, மேசை லாச்சியைத் திறந்து ஒரு பாஸ்போர்ட்டை எடுத்து நீட்டினாள். "இங்கதான் இருந்துச்சுக்கா. நான் குடுத்தேன்னு சொல்லாதீங்க."

ஆயிரம் வேலை உள்ள மனிதர், மறந்திருப்பார் என்று சாந்தினி நினைத்துக்கொண்டாள். நல்லவர்களைப் பற்றி அப்படித்தானே நினைக்க வேண்டியிருக்கிறது!

விசாரணை நாளில் சாந்தினி எழுந்து நின்றாள். கூண்டிலிருந்த காளிதாசனின் முகத்தை ஒருமுறை பார்த்துக்கொண்டாள். முதலாளி வாங்கி வைத்துக்கொண்ட பாஸ்போர்ட், புதுப்பிக்காமல் விட்ட பெர்மிட், மருத்துவமனைக் கடிதம் என்று ஒவ்வொன்றாக எடுத்து வைத்தாள். அரசுத் தரப்பு வக்கீல் அவற்றைப் புரட்டினார், இன்னொரு முறை புரட்டினார், பிறகு எழுந்து குற்றச்சாட்டை மீட்டுக்கொள்வதாகச் சொன்னார். மொழிபெயர்ப்பாளர் அதைத் தமிழில் சொன்னதும் காளிதாசன் கூண்டிலேயே உட்கார்ந்து தேம்பினான்.

வாசலுக்கு ஓடிவந்து சாந்தினி போன் போட்டாள். அந்தப் பக்கம் நாதஸ்வரமும் கைதட்டலும் கேட்டன. விக்னேஸ்வரன் ஏதோ ஒரு மேடையில் பொன்னாடை வாங்கிக்கொண்டிருந்தார்.

"அண்ணே, ஜெயிச்சிட்டோம்! அவரை நாடு கடத்த மாட்டாங்க. இங்கயே தங்கறதுக்கு ஸ்பெஷல் பாஸ் கிடைச்சிடும்."

இரைச்சலில் கேட்கவில்லை போலும் என்று சத்தத்தைக் கூட்டினாள்.

"பெர்மிட்டைப் புதுப்பிக்காதது முதலாளியோட தப்புன்னு வாதாட வேண்டியதாப் போச்சுண்ணே. உங்க மேல நடவடிக்கை வரலாம். தம்பிக்காக அதைத் தாங்கிக்குவீங்கன்னு எனக்குத் தெரியும். இன்னொரு நல்ல சேதி. விரல் போன புதுசுல ஆஸ்பத்திரியில சொல்லி அவரு உங்க கம்பெனி மேல எழுதிக் கொடுத்த புகார் இருக்கில்ல, அது அடுத்த வாரம் லேபர் ஆபிசுல விசாரணைக்கு வருது. ஊருக்கு அனுப்பியிருந்தா அது அப்படியே அமுங்கிப் போயிருக்கும். இனி அவரே நேர்ல நின்னு சாட்சி சொல்லலாம்!"

நாதஸ்வரம் தேய்ந்து நின்றது. மனிதர் மேடையைவிட்டு இறங்கி எங்கோ ஒதுங்கியிருக்க வேண்டும். பிறகு அவர் குரல் வந்தது. அதில் இப்போது உடைசல் எதுவும் இல்லை.

"உன்னை யாரு ஜெயிக்கச் சொன்னது?"